சேற்றில் ஓடப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

லண்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்த் தாய் தகப்பன்மாருக்கு,



ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் உங்களில் பலர் வீட்டுக்குப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வரும். உங்கள் பிள்ளை பாடசாலையின் கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணிக்குத் தெரிவாகியிருக்கிறாள், சனிக்கிழமை காலை போட்டி, மாற்றுடுப்பும் இரண்டு சோடி காலுறையும் கொடுத்துவிடுங்கள், கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்தப் போட்டிகளில் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, பாதை திரும்பும் இடங்களில் நின்று வழிகாட்டுபவர்களில் நானும் ஒருவன். என் பிள்ளைகள் ஓடிய காலத்தில் தொடங்கியது. அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் விட மனம் வரவில்லை. ஹரோ, பிரென்ட், ஈலிங், நியூஹாம், ரெட்பிரிட்ஜ், மேர்ட்டன், குரொய்டன் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் பகுதிகளின் அணிகளை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. போட்டி நாளில் அந்தப் பெயர்களுக்குரிய பிள்ளைகளில் பலர் வருவதில்லை. ஓட முடியாத பிள்ளைகள் அல்ல, ஓடி ஜெயித்துத் தெரிவான பிள்ளைகள்.

ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "அண்ணை, பள்ளிக்கூட மைதானத்தில ஓடட்டும், நான் மறிக்கேல்லை. இந்தக் குளிருக்க, சேத்துக்க பிள்ளையை விட்டிட்டு நான் எப்பிடி நிம்மதியா இருக்கிறது?" அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்காகவே ஊரைவிட்டு வந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு உரிய பதில்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

முதலில் இந்தப் போட்டிகள் நடக்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பல பெற்றோர் அதைக் கண்ணால் கண்டதில்லை. வட லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது பார்லிமென்ட் ஹில். உயரம் 98 மீட்டர்தான். உச்சியில் நின்றால் செயின்ட் போல்ஸ் தேவாலயம் முதல் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் வரை ஒரே பார்வையில் தெரியும். 1977இல் தொடங்கிய லண்டன் யூத் கேம்ஸின் கிராஸ் கன்ட்ரிப் போட்டிக்கு லண்டனின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கேதான் வருகிறார்கள். இங்கிலாந்தின் தேசியப் போட்டியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாசி மாதத்தில் இதே குன்றில் நடக்கும். 2018இல் நடந்தபோது ஆண்கள் ஓட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே கோட்டில் நின்று புறப்பட்டார்கள். அடிவாரத்தில் அகன்ற கோடு. வெடி கேட்டதும் அத்தனை பேரும் மேட்டை நோக்கி ஏற, மேலே போகப் போகப் பாதை ஒடுங்கும். நிலம் அதிர்வதைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் காலில் உணரலாம்.

இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று ஓடும் பிள்ளைகளே கேட்பார்கள். ஹீத்தின் உச்சிப் பகுதி மணல். அதற்குக் கீழே, லண்டனின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் கனத்த களிமண். மழைத்தண்ணீர் மணலுக்குள் விறுவிறென்று இறங்கும். களிமண்ணைத் தொட்டதும் அதற்குக் கீழே போக வழியில்லை. எனவே இரண்டும் சந்திக்கும் சரிவுகளில் பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். பல நாள் மழை இல்லாவிட்டாலும் அந்தச் சரிவுகள் ஈரமாகவே கிடப்பது இதனால்தான். அதன்மேல் ஆயிரம் சோடி சப்பாத்துகள் போனால் புல் என்று ஒன்று மிஞ்சாது.

சேற்றிலும் பல விதம் உண்டு. காலையில் உறைபனி பிடித்திருந்தால் மேல்மண் பொருக்காக இறுகி, மிதிக்கும்போது நொறுங்கும். அதன் விளிம்புகள் கணுக்காலில் கீறும். பத்து மணிக்குமேல் வெயில் கொஞ்சம் தலைகாட்டினால் மேற்பரப்பு மட்டும் இளகி, அடியில் இறுக்கம் அப்படியே இருக்கும். வழுக்கி விழுத்துவது அந்த நேரத்துச் சேறுதான். மதியத்துக்குப் பிறகு தாழ்ந்த மூலைகளில் இருப்பது வேறு சேறு, வெளிர்மண் நிறத்தில் குழைந்து, காலை உள்ளே விட்டால் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். நான் பெரும்பாலும் நிற்பது அப்படி ஒரு மூலையில்.

அங்கே ஒருமுறை பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளையின் சப்பாத்து சேற்றுக்குள் போய்விட்டது. இரண்டடி ஓடிய பிறகே அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து குனிந்து, மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவி, இழுத்து எடுத்தாள். உள்ளே சேறு நிரம்பி அது ஒரு கட்டியாகவே வெளியே வந்தது. காலுறை பாதி கழன்று தொங்குகிறது. பின்னால் வந்தவர்கள் அவளைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். போட்டுக்கொள்ளவா, கையில் கொண்டு ஓடவா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நாங்கள் தொட்டு உதவக்கூடாது, ஆனால் சொல்லலாம். கொண்டு ஓடு என்றேன். தொங்கிய காலுறையையும் உருவி எறிந்துவிட்டு ஒரு காலில் சப்பாத்தோடும் மறுகால் வெறுங்காலாகவும் ஓடினாள். முடிவுக்கோடு வரை இன்னும் அரைக் கிலோமீட்டர் இருந்தது, அதிலும் ஒரு ஏற்றம். போகும் வழியில், தன்னைக் கடந்து போனவர்களில் நாலைந்து பேரைப் பிடித்தாள்.

சப்பாத்து கழல்வது உலகத்தின் மிகப் பெரிய ஓட்டக்காரருக்கும் நடந்திருக்கிறது. 2008இல் எடின்பரோவில் உலக கிராஸ் கன்ட்ரிப் போட்டி. எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலேயின் குதிக்காலைப் பின்னால் வந்தவர் மிதிக்க, சப்பாத்து கழன்றது. அவர் நின்று, குனிந்து, அதைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கூட்டம் முன்னே போய்விட்டது. ஆள் ஆளாகப் பிடித்துக்கொண்டு வந்து அன்றைக்கு வென்றவரும் அவர்தான். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது சப்பாத்துக் கயிற்றை இரட்டை முடிச்சுப் போடவும் சொல்லிக்கொடுங்கள்.

சப்பாத்து என்றதும் செலவு நினைவுக்கு வரும். முதல் போட்டிக்குப் பழைய ஓட்டச் சப்பாத்தே போதும், அடியில் பல் தேயாமல் இருந்தால் சரி. பிள்ளை தொடர்ந்து ஓடுவாள் என்று தெரிந்த பிறகு ஸ்பைக்ஸ் வாங்கலாம். அடியில் திருகி மாட்டும் சிறு உலோக முனைகள் அதில் இருக்கும். மைதானத்துக்கு 6 மில்லிமீட்டர் முனை போதும். சேற்றுக்கு 12 அல்லது 15 வேண்டும். அதைத் திருகும் சிறு சாவி சப்பாத்தோடு வரும், தொலைக்காமல் வையுங்கள். பிள்ளையின் கால் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கழகங்களில் பெரிய பிள்ளைகள் போட்டதைச் சிறியவர்களுக்குக் கைமாற்றுவது வழக்கம். கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சேற்றில் ஓடும் முறை மைதானத்தில் ஓடும் முறை அல்ல. எட்டி வைத்தால் வழுக்கும்; குறுகிய அடியாக, விரைவாக வைக்க வேண்டும். ஏற்றத்தில் இன்னும் குறுக்க வேண்டும். இறக்கத்தில் பின்னுக்குச் சாய்ந்து பிரேக் பிடித்தால்தான் விழுவார்கள், உடம்பைச் சரிவோடு விட வேண்டும். குட்டையைக் கண்டால் எல்லோரும் ஓரமாகச் சுற்றிப் போவார்கள். அத்தனை பேர் மிதித்து ஓரம்தான் குழம்பிப் போயிருக்கும். நடுவில் தண்ணீருக்கு அடியில் நிலம் பல நேரம் இறுக்கமாக இருக்கும், நேராக அதற்குள் போகிற பிள்ளை மூன்று பேரைத் தாண்டிவிடும். முதல் நூறு மீட்டரில் தயங்கி நிற்கக்கூடாது, பாதை ஒடுங்கிய பிறகு முந்துவது கடினம். இவையெல்லாம் ஒரே போட்டியில் பிள்ளைக்கு உடம்பில் ஏறிவிடும். எவரும் வகுப்பில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்க முடியாத படிப்பு இது.

இனி குளிர்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகவே வெளியேறுகிறது. அதனால்தான் ஐந்து பாகை குளிரில் கையில்லாச் சட்டையோடு புறப்பட்ட பிள்ளை ஒரு கிலோமீட்டர் முடிவதற்குள் முகம் சிவந்து வியர்க்கிறாள். நீங்கள் மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டு அசையாமல் நின்று பார்ப்பதால் உங்கள் குளிரை அவளுடைய குளிர் என்று நினைக்கிறீர்கள். தடிமனைத் தருவது வைரஸ். சேற்றில் கால் வைத்ததால் அது பிறப்பதில்லை. ஜன்னல் எல்லாம் பூட்டிய வகுப்பறையில் ஒரு பிள்ளை தும்ம, பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றுவதே பெரும்பாலும் நடப்பது.

குளிரில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருக்கமாட்டேன். ஓடி முடித்த அடுத்த பத்து நிமிடம். தசை வேலை நிறுத்தியதும் சூடு உற்பத்தியும் விழுந்துவிடும். உடம்பிலோ நனைந்த உடுப்பு, மேலே காற்று. அப்போதுதான் உதடு நீலம் பாரிக்கும், பல் அடிக்கும். எனவே முடிவுக்கோட்டைத் தாண்டியதும் ஈரச் சட்டையைக் கழற்றி, துவாயால் துடைத்து, உலர்ந்த உடுப்பு, தொப்பி, தடித்த மேலங்கி. படம் எடுப்பதும் பதக்கம் பார்ப்பதும் அதற்குப் பிறகு. ஃபிளாஸ்கில் சூடான மைலோவோ தேத்தண்ணியோ இருக்கட்டும். ஒரு பெரிய குப்பைப் பை கொண்டு போங்கள். அதை நிலத்தில் விரித்து, அதன்மேல் நின்று உடுப்பு மாற்றலாம். இன்னொன்று சேற்றுச் சப்பாத்துக்கு. ஓடும்போது தடித்த பருத்திக் காற்சட்டை வேண்டாம், சேற்றுத் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் காலைப் பின்னுக்கு இழுக்கும். உடம்போடு ஒட்டிய மெல்லிய முழுக்கை உடுப்பை உள்ளே போட்டு அணிச் சட்டையை மேலே போடலாம். கையுறை போடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி என்றால் அனுப்பவே வேண்டாம், அந்த நேரத்தில் உங்கள் பயம் சரியானது.

இளைப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும், இது உண்மை. அதற்காக ஓட்டமே வேண்டாம் என்று வைத்தியர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. உங்கள் குடும்ப வைத்தியரிடம் முன்கூட்டிக் கேளுங்கள். அவர் சொன்ன முறைப்படி நீலப் பம்பைப் பாவிக்கட்டும், ஓடுமுன் பதினைந்து நிமிடம் மெல்ல ஓடிச் சூடேற்றட்டும், வாய்க்கு மேலே ஒரு மெல்லிய கழுத்துத் துணி சுற்றட்டும். பம்ப் யாரிடம் இருக்கிறது என்பது பொறுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டும். பெண்கள் மரதனில் பதினாறு ஆண்டுகள் உலக சாதனையை வைத்திருந்த போலா ராட்கிளிஃப் சிறுவயதிலிருந்தே இளைப்புக்காரி. 1992இல் அமெரிக்காவின் பொஸ்டனில் பனி மூடிய தரையில் ஓடி, இளையோருக்கான உலக கிராஸ் கன்ட்ரிப் பட்டம் வென்றவரும் அவர்தான்.

குளிர் என்று சொல்லி இந்த விளையாட்டைத் தள்ளி வைப்பவர்களுக்கு இன்னொரு பழைய செய்தியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கிராஸ் கன்ட்ரி ஒலிம்பிக்கில் இருந்தது. 1912, 1920, 1924 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார்கள். 1924இல் பாரிஸில், கொளுத்தும் ஆடி வெயிலில் 38 பேர் புறப்பட்டு 15 பேரே முடித்தார்கள். பலர் வழியிலேயே மயங்கி விழுந்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி மட்டும் ஒன்றும் நடவாதவர்போல் வந்து வென்றார். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்த ஓட்டம் இல்லை. அன்றைக்கு வீரர்களைச் சாய்த்தது வெயில். குளிர்காலம்தான் இந்த ஓட்டத்துக்கு உரிய பருவம்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். தமிழ்ப் பாடசாலை, வயலின், பரதம், டியூஷன், ஐந்தாம் வகுப்பு வந்தால் கிராமர் ஸ்கூல் சோதனைக்கான தனி வகுப்பு என்று நம்முடைய பிள்ளைகளுக்கு வாரத்தில் மிகவும் நெருக்கடியான நாள் அதுதான். போட்டிகளும் பெரும்பாலும் அன்றுதான். தமிழ் படிப்பதை விட்டுவிட்டு ஓடச் சொல்பவன் அல்ல நான். என் பிள்ளைகள் இருவரும் தமிழ்ப் பாடசாலையில் படித்தவர்கள், நானும் அங்கே சில காலம் கற்பித்தேன். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பருவத்தில் வரும் போட்டிகள் நாலைந்துதான். தமிழ்ப் பாடசாலை நடத்தும் அன்பர்களிடம் இந்த மடல் வழியாகவே கேட்கிறேன்: போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அன்றைய பாடத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள், வரவு இழந்ததாக எழுதாதீர்கள். திங்கட்கிழமை கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லும் ஆங்கிலப் பள்ளிக்கூடம்போல நீங்களும் அடுத்த சனிக்கிழமை ஒரு வார்த்தை சொன்னால், அவளுக்குத் தமிழ்ப் பாடசாலைமேல் பிடிப்பு கூடும்.

இதுவரை சொன்னவை பிள்ளையை அனுப்பாததற்குப் பெற்றோர் வாய்விட்டுச் சொல்லும் காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முந்நூறு பேர் ஓடும் ஒன்றில் என் பிள்ளை நூற்றெண்பதாவதாக வரப்போகிறாள் என்றால், அதற்கு எதற்கு ஒரு சனிக்கிழமை என்று மனதில் ஓடுகிறது. ஒரு தகப்பன், முடிவுக்கோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மகனிடம் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். பையன் எண்ணைச் சொன்னான். "அவ்வளவு பேர் முன்னால போயிற்றினமோ?" என்றார். பையன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் இன்னும் எண்பது பேர் சேற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தகப்பனுக்குத் தெரியாத ஒன்று, இந்த ஓட்டத்தில் புள்ளி போடும் முறை. அணியில் எட்டுப் பேர் ஓடினால், முதலில் வரும் ஆறு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள் என்று வையுங்கள். போட்டிக்குப் போட்டி எண்ணிக்கை மாறும், முறை ஒன்றுதான். எந்த அணிக்குக் கூட்டுத்தொகை குறைவோ அந்த அணி வெல்லும். முதலாவதாக வந்த பிள்ளை அணிக்குச் சேர்ப்பது ஒன்று. ஆறாவது பிள்ளை நூற்றெண்பதில் வராமல் நூற்றைம்பதில் வந்தால் அணிக்கு முப்பது மிச்சம். முன்னணியில் ஓடுகிறவரால் ஒருபோதும் அந்த முப்பதைச் சம்பாதிக்க முடியாது. இந்தக் கணக்கு பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கடைசி ஏற்றத்தில், பரிசுக்கும் பதக்கத்துக்கும் எட்டாத தூரத்தில் வரும் பிள்ளையைப் பார்த்து அணித் தோழர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அணியின் வெற்றி தோல்வி அந்தப் பிள்ளையின் காலில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து எத்தனையாவது என்று கேட்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்காது.

முன்பு சொன்ன போலா ராட்கிளிஃப் 1986இல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகத் தேசிய அளவில் ஓடிய முதல் கிராஸ் கன்ட்ரிப் போட்டியில் 299ஆவது இடம். அடுத்த ஆண்டு அதே போட்டியில் நாலாவது. மோ ஃபரா சோமாலியாவில் பிறந்தவர். சிறுபிள்ளையாக வேறொருவர் பெயரில் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, மேற்கு லண்டனில் ஒரு வீட்டில் வேலை செய்ய வைக்கப்பட்டவர். 2022இல்தான் அவர் இதை உலகுக்குச் சொன்னார். ஆங்கிலம் சரியாகப் பேச வராத அந்தப் பையனைக் கவனித்தவர் ஃபெல்தம் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் அலன் வாட்கின்சன். இங்கிலாந்துப் பாடசாலைகளின் கிராஸ் கன்ட்ரிப் போட்டியில் முதல்முறை ஓடியபோது மோவுக்கு ஒன்பதாவது இடம், அடுத்த ஆண்டு முதலிடம். பின்னாளில் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம். உங்கள் பிள்ளையும் தங்கம் வாங்குவாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபெல்தம், ஹவுன்ஸ்லோ என்பவை நம் சனம் வாழும் பகுதிகள். மொழி தெரியாமல், துணையில்லாமல் வந்த ஒரு பிள்ளைக்கு அங்கே முதலில் கிடைத்த நிலம் ஒரு சேற்று வயல். அவனுடைய ஆசிரியர் அவனை அதில் இறக்கிவிட்டார் என்பதைத்தான் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கடிதம் அனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பதினொரு வயதில் அணியில் நிற்கும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் பதினாலு வயதில் காணாமல் போகிறார்கள். உடுப்பு ஒரு காரணம் என்றால், நீளமான இறுக்கமான காற்சட்டையும் முழுக்கையும் போட்டு ஓடுவதற்குத் தடையில்லை; குளிரில் பலர் அப்படித்தான் ஓடுகிறார்கள். மாதவிடாய் காரணம் என்றால், அன்றைக்கு ஓடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். அவளுக்காக நீங்கள் சாட்டுக் கடிதம் எழுதாதீர்கள். பெரியபிள்ளை ஆகிவிட்டாள், இனிச் சேற்றில் உருள்வது என்ன என்பது காரணமென்றால், அதற்கு நான் உடன்படவே மாட்டேன். இங்கிலாந்தில் பெண்களுக்கான தேசிய கிராஸ் கன்ட்ரி 1927இல் தொடங்கியது. அதற்குப் பிறகும் தொண்ணூறு ஆண்டுகள் பொறுத்து, 2017இல் உகண்டாவின் கம்பாலாவில்தான் உலகப் போட்டியில் ஆண்களும் பெண்களும் ஒரே பத்துக் கிலோமீட்டர் ஓடினார்கள். அத்தனை காலம் போராடித் திறந்த கதவை நம் வீட்டு வாசலில் நாங்களே சாத்துவது சரியில்லை.

உங்களுக்கு இது அந்நியமான விளையாட்டும் அல்ல. யாழ்ப்பாணத்தில், வன்னியில், மட்டக்களப்பில் படித்தவர்களைக் கேட்கிறேன். தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருமுன் ஒரு விடியற்காலை மரதன் ஓட்டம் வைப்பார்களே, நினைவிருக்கிறதா? பாதிப் பேர் வெறுங்கால். தார் ரோட்டில் ஓடி, சந்திக்குச் சந்தி நின்ற மாணவத் தலைவர்கள் கையில் கோடு கீறிவிட, ஒழுங்கைக்குள் புகுந்து, ஊர்ச்சனம் படலையில் நின்று தண்ணீர் ஊற்ற, பாடசாலை வாசலுக்குள் வந்தால் தோடம்பழத் துண்டும் குளுக்கோஸும். முதல் பத்துப் பேருக்குத்தான் இல்லத்துக்குப் புள்ளி என்றாலும் நூறாவதாக வந்தவனும் ஓடினான். அவனுடைய அம்மா வெயில் சுடும் என்று மறிக்கவில்லை. அந்த ஓட்டத்தைப் பற்றி இன்றைக்கும் நீங்கள் கலியாண வீடுகளில் இருந்து பேசுகிறீர்கள். உங்கள் பிள்ளைக்கும் பேசுவதற்கு ஒன்று வேண்டும். அது பார்லிமென்ட் ஹில்லின் தாழ்ந்த மூலையாக இருக்கலாம்.

வழி தவறிவிடுவாள் என்று பயப்பட வேண்டாம். 1876இல் எப்பிங் காட்டில் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஓடியவர்கள் பாதையைத் தவறவிட்டு, அந்தப் போட்டியே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இப்போது கயிறும் கொடியும் கட்டி, மூலைக்கு மூலை எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர்தான், கூப்பிடு தூரத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். முதலுதவி ஆட்களும் நிற்பார்கள்.

நீங்களும் வாருங்கள். காரில் வந்தால் நிறுத்த இடம் கிடைக்காது. ரயிலில் கோஸ்பெல் ஓக் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. நல்ல சப்பாத்து வேண்டாம், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். எண் தாளைச் சட்டையில் குத்த நாலு ஊசி கொண்டு வாருங்கள், அங்கே எப்போதும் தட்டுப்பாடு. எல்லாப் பெற்றோரும் தொடக்கத்திலும் முடிவிலும்தான் குவிவார்கள். நீங்கள் குன்றுக்குப் பின்பக்கம், யாரும் நிற்காத ஏற்றத்தில் போய் நில்லுங்கள். பிள்ளைக்குக் கால் கனக்கத் தொடங்கும் இடம் அதுதான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், தமிழிலேயே கூப்பிடுங்கள். அந்தக் கூட்டத்தில் அது அவளுக்கு மட்டும் கேட்கும். பிறகு குறுக்கு வழியாக நடந்து முடிவுக்கோட்டுக்குப் போய்த் துவாயை விரித்துப் பிடியுங்கள். எத்தனையாவது என்று கேட்க வேண்டாம். அவளே சொல்வாள், யாரை எந்த ஏற்றத்தில் பிடித்தாள், எங்கே விழுந்தாள், அணியில் எத்தனையாவதாக வந்தாள் என்று ரயிலில் வீடு வரும்வரை.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை நேரே மெஷினில் போடாதீர்கள், களிமண் அடைத்துக்கொள்ளும். வாளியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசுங்கள். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைத் திணித்து நிழலில் வையுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் பிள்ளையின் பையிலேயே கிடக்கலாம், உங்களிடம் காட்டினால் என்ன சொல்வீர்கள் என்று தெரியாமல். இன்றைக்கு இரவு அந்தப் பையைத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
கீழ் மூலையில் மஞ்சள் மேலங்கியோடு நிற்கும் உங்களில் ஒருவன்